மாமன் மடி

பேரையூர் பக்கம்
9.7.2025

ஜோதிக்கு,

அக்கா பாண்டீஸ்வரி எழுதுறேன். கடுதாசியப் பார்த்ததும் யாருக்கோ என்னமோ ஆகிப்போச்சுன்னு பதறாத. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். போன்ல பேச வழியில்ல, அதான் பேனாவைத் தூக்கிட்டேன். பேப்பர்ல உன் போட்டோ வந்த நாளுலருந்து உங்க மச்சான் என் போனை வாங்கி வாங்கிப் பாக்குறாரு. உன் நம்பரை அவரே பிளாக் பண்ணி விட்டுட்டாரு. நீ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருப்ப. அக்காதான் எடுக்க மாட்டேங்குறான்னு நினைச்சிருப்ப.

ஏன் ஜோதி, மதுரையில அந்த ஊர்வலத்துல அம்புட்டு சனம் நடக்குது, பேப்பர்க்காரனுக்கு உன் மூஞ்சிதானா கிடைச்சுச்சு? கையில அட்டை வேற. ‘நான் ஆண். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு’ன்னு கொட்டை எழுத்துல. டீக்கடையில எவனோ பார்த்து, அதைப் போன்ல போட்டு, பொழுது சாயறதுக்குள்ள ஊரு பூராம் சுத்தி வந்துருச்சு. பெரியப்பா மகன் மலையாண்டி அண்ணே வீட்டு வாசல்ல நின்னு அரை மணி நேரம் கத்திட்டுப் போச்சு. என் மாமியா கதவைச் சாத்திட்டு உள்ள போயிட்டாக. அதுதான் எனக்குப் பயம்.

சரி, விஷயத்துக்கு வாரேன். மீனாவுக்கு அஞ்சு வயசு நடக்குது. இதை விட்டா இனி ஏழுலதான் குத்தணும்னு சொல்லி, ஆவணி பதினஞ்சு, ஞாயித்துக்கிழமை, சோணையா கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்துறதா முடிவாயிருச்சு. நம்ம கூடப் பிறந்த ஆம்பள யாரும் இல்லையே, அதனால மலையாண்டி அண்ணே மடியில உக்கார வைக்கிறதுன்னு மாமியா சொல்லிட்டாக. பத்திரிகையும் அடிச்சாச்சு. தாய்மாமன்னு அண்ணே பேருதான் போட்டிருக்கு.

நீ வரணும். நீ இல்லாம எனக்கு யாரு இருக்கா? சித்தியா வா. சேலை வேணாம், ஒரு சுடிதாரு போட்டுக்கிட்டாப் போதும். தலையில துப்பட்டாவைப் போட்டுக்க. போட்டோல மீசை மாதிரி என்னமோ தெரியுது. அது நெசமா, நிழலா? நெசம்னா ஒரு மாஸ்க்கை மாட்டிக்க. சளின்னு சொல்லிச் சமாளிச்சிரலாம். ரெண்டு மணி நேரம், பல்லைக் கடிச்சிட்டு இருந்துட்டுப் போயிரு.

பதில் வீட்டுக்கு எழுதிராத. நான் டீச்சரா இருக்குற அங்கன்வாடிக்கு எழுது. ஆயா ஒச்சாயி வாங்கி வச்சிருவா.

அக்கா
பாண்டீஸ்வரி


செல்லூர்
16.7.2025

அக்கா,

நிழல் இல்ல. மீசைதான்.

ரெண்டு வருஷமா ஹார்மோன் ஊசி போட்டு வளர்த்த மீசை. காலையில மோட்டாரு ரிப்பேர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி சீப்பு வச்சுச் சீவுறேன், சிரிக்காத. அதுக்கு மேல மாஸ்க்கா? மூணு நாளா அந்த வரியப் படிச்சுப் படிச்சு எரிச்சல் அடங்கல. ஒரு காயிலைத் தப்பாக் கட்டி, மோட்டாரு கருகி, முதலாளி தனிஸ்லாஸ் அண்ணேகிட்ட ஏச்சு வேற வாங்குனேன். அவரு பாவம், ஆறு வருஷத்துல என்னைய ஏசுனது அதான் மூணாவது தடவ.

ஒரு தடவ உன் பேச்சைக் கேட்டுச் சேலை கட்டுனவன் நான். மறந்துட்டியா? அப்பா செத்த அன்னைக்குப் பேரையூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஒச்சாயியை அனுப்பி விட்ட. ‘இதைக் கட்டுனாத்தான் உள்ள விடுவாகளாம், டீச்சர் சொல்லச் சொல்லுச்சு’ன்னு ஒரு பையைக் கையில குடுத்தா. பஸ் ஸ்டாண்டு கக்கூசுல நின்னு, தரையில பட்டுரக் கூடாதுன்னு பல்லுல கவ்விக்கிட்டுக் கட்டுனேன். அப்பா முகத்தை ஒரு தடவ பார்த்துரணும். அதுக்காக. நீர்மாலை எடுத்து வந்தாங்க, பொம்பளைங்களோட நின்னேன். பாடை தூக்குனாங்க, பின்னாலயே வந்தேன். தெருமுக்குல ‘பொம்பளைக எல்லாம் திரும்புங்கத்தா’ன்னு யாரோ சொன்னாங்க. நானும் திரும்புனேன். கொள்ளி வச்சது மலையாண்டி.

நம்ம அப்பா முத்திருளனுக்கு மகன் இருந்தான் அக்கா. தெருமுக்குல முந்தானையில மூக்கைச் சிந்திக்கிட்டு நின்னான்.

அந்தச் சேலைய இத்தனை நாளு பெட்டிக்கு அடியில போட்டு வச்சிருந்தேன். இப்ப பார்சல்ல அனுப்பிருக்கேன், வாங்கிக்க. இனி என் உடம்புல அது ஏறாது.

சித்தியா எல்லாம் வர முடியாது. வந்தா மாமனா வாரேன். மீனா என் மடியில உக்காரணும். கூடப் பிறந்த ஆம்பள இல்லைன்னு எழுதிருக்கியே, எழுதும்போது கை கூசலையா உனக்கு? கலெக்டர் ஆபீசுல குடுத்த கார்டு என் பர்சுல இருக்கு. அதுல ஆண்னு போட்டு, சூரியபிரகாஷ்னு போட்டு, சீல் குத்திருக்கு. நீ யாருன்னு நீதான்டா சொல்லணும்னு டெல்லியில பெரிய கோர்ட்டு ரெண்டாயிரத்துப் பதினாலுலயே சொல்லி முடிச்சிருச்சு. டெல்லியில செல்லுறது சோணையா கோயில் வாசல்ல செல்லாதா?

மலையாண்டிக்கு மீனா பிறந்த தேதி தெரியுமா, கேட்டுப் பாரு. ராத்திரி விளக்கை அணைச்சா அழுவாளே, அது தெரியுமா?

தம்பி
சூரியபிரகாஷ்


பேரையூர் பக்கம்
24.7.2025

ஜோதிக்கு,

பார்சலை ஒச்சாயி பிள்ளைக முன்னாடியே பிரிச்சுட்டா. ‘டீச்சருக்குப் புதுச் சேலை’ன்னு அதுக எல்லாம் கை தட்டுச்சுக. நான் சிரிச்சேன். என்ன செய்யச் சொல்ற? அது என் கல்யாணத்துக்கு அப்பா எடுத்துக் குடுத்த சேலையில ஒண்ணு. இருந்ததுல நல்லதைத்தான் உனக்குக் குடுத்து விட்டேன். அதை அழுக்குத் துணி மாதிரிச் சுருட்டி அனுப்பிருக்க.

உனக்கு மட்டுந்தான் எரியுதா? எனக்கு எரியாதா? அம்மா போனப்ப எனக்குப் பதினாறு வயசு, உனக்குப் பதினொண்ணு. உனக்குத் தலை பின்னி விட்டு, உன் பாவாடைய அலசிப் போட்டு, நீ பாஸாகணும்னு நான் படிப்பை நிறுத்துனேன். ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பார்த்தா, நான் பின்னி விட்ட சடை வெட்டுப்பட்டு வாசப்படியில கெடக்கு. ஆளைக் காணோம். நீ போனது உனக்குச் சரி ஜோதி. இருந்து வாங்கிக் கட்டிக்கிட்டவ நான். சோத்துல உப்புக் கூடுனாலும் ‘ஓடிப் போனவ அக்காதானே’ங்குறாக. ஆறு வருஷமாக் கேக்குறேன். இதை உன்கிட்ட ஒரு நாளாவது சொல்லிருக்கேனா?

நீ நல்லாயிருக்கன்னு போட்டோலயே தெரிஞ்சுச்சு. அப்படி வாய் விட்டுச் சிரிச்சு உன்னைய நான் பார்த்ததே இல்ல. சத்தியமாச் சொல்றேன், அதை வெட்டி வருகைப் பதிவேட்டுக்குள்ள வச்சிருக்கேன்.

ஆனா இங்க நிலைமை உனக்குத் தெரியாது. மலையாண்டி அண்ணே என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘அது கோயில் பக்கம் வந்துச்சு, வேப்ப மரத்துல கட்டி வச்சு, துணிய உருவி, ஆணா பொண்ணான்னு ஊருக்கே காட்டுவேன்’னு. என் வீட்டு நடுக்கூடத்துல உக்காந்து, நான் போட்ட காப்பியக் குடிச்சிட்டே சொல்லுச்சு. உங்க மச்சான் தரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அது சொன்னதைச் செய்யுற ஆளு. வாய்க்கா வரப்புத் தகராறுல ஒருத்தன் கையை முறிச்சது உனக்கே தெரியும்.

அதனால நீ வராத. சித்தியாவும் வராத, மாமனாவும் வராத. எங்கயோ உசுரோட இருக்கேன்னு இருந்தாப் போதும் எனக்கு.

மீனாவும் அந்தப் போட்டோவப் பார்த்துட்டா. ‘யாரும்மா இது’ன்னா. சித்தின்னேன். ‘மீசை வச்ச சித்தியா’ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன். அவளுக்கு அதுல ஒரு குழப்பமும் இல்ல.

உனக்குப் பிடிச்ச மாதிரி ‘தம்பி’ன்னு எழுதிப் பார்த்தேன். கை வரல, அடிச்சிட்டேன். மேல ஒரு இடத்துல மையாக் கெடக்குறது அதுதான். கோவிச்சுக்காத.

பாண்டீஸ்வரி


செல்லூர்
2.8.2025

அக்கா,

அந்த மைக்கு அடியில இருக்குறதை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டேன். பாதியாச்சும் எழுதிருக்க. அது போதும், மீதிய நேர்ல வந்து வாங்கிக்கிறேன்.

ஆமா, வாரேன்.

நீ பட்டதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு சொன்னா அது பொய்யி. தெரியும். தெரிஞ்சுதான் ஆறு வருஷமா, அப்பா சாவுக்கு வந்ததை விட்டா, ஊருப் பக்கம் தலை காட்டாம இருந்தேன். என்னால உனக்கு ஒரு சொல்லு வரக் கூடாதுன்னு ஒதுங்குனேன். ஒதுங்கி என்ன ஆச்சு? நான் இல்லாமலே தினமும் சொல்லு வாங்குற. அப்ப நான் ஒளிஞ்சு கெடந்து யாருக்கு லாபம்? ஒளிய ஒளியத்தான் அக்கா, மலையாண்டிக்கு அந்தத் தைரியம் வருது.

பயமா இருக்கான்னு கேட்டா, இருக்கு. வேப்ப மரத்தைப் பத்தி எழுதிருந்தியே, அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல. எங்க கூட்டத்துல அழகம்மாள்னு ஒருத்தவங்க இருக்காங்க, திருநங்கை, அம்பது வயசாகுது. அவங்ககிட்ட அழுதேன். ‘எங்க ஊருலயும் எனக்குன்னு ஒரு மரம் இருக்கு’ன்னு சொன்னாங்க. அப்புறம் ‘சீருக்கு எத்தனை தட்டு?’ன்னு கேட்டாங்க.

ஏழு தட்டு. பேப்பர்ல பார்த்தியே அந்த ஊர்வலம், அதுல நடந்தவங்க ஏழு பேரு தலையில தூக்கிட்டு வாராங்க. பழம், தேங்கா, மாலை, மச்சானுக்கு வேட்டி சட்டை, மீனாவுக்குப் பட்டுப் பாவாடை, உனக்குச் சேலை. மயில் பச்சை, மஞ்சக் கரை. கடையில அரை நாளு எடுத்தேன், கடைப் பிள்ளைங்க கடுப்பாயிருச்சுங்க. மாமன் எடுத்த சேலையக் கட்டிட்டுத்தானே நீ பிள்ளையக் கொண்டாந்து மடியில வைக்கணும், சும்மா எடுக்க முடியுமா? அப்புறம் தோடு. சின்னது, ரோஜா மொட்டு மாதிரி. என் சொந்தக் காசு.

ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்கெல்லாம் பேரையூர்ல இறங்கிருவோம். அங்கருந்து கொட்டு வச்சு நடந்தே வாரோம். ஒளிஞ்சு வரல.

ஒருவேளை ஏதாச்சும் ஆச்சுன்னா நீ என்னைய எங்கன்னு தேடுவ? கடை விலாசம் உன்கிட்ட இருக்கு. ரூம் விலாசத்தைப் பின்னாடி எழுதிருக்கேன், மாடி ரூமு, கீழ தறி ஓடுற வீடு. யாருக்கும் காட்டிராத.

தம்பி
சூரியபிரகாஷ்


8.8.2025

ஜோதி,

உன் கடுதாசி இப்ப என்கிட்ட இல்ல. ஹேண்ட்பேக்குல வச்சிருந்தேன்.

இங்க எழுதாத. ரெண்டு வாரத்துக்கு ரூமுல படுக்காத, வேற எங்கயாச்சும் இரு. ஏன்னு கேக்காத. கெஞ்சிக் கேக்குறேன்.


செல்லூர்
19.8.2025

பாண்டீஸ்வரி அவர்களுக்கு,

உங்கள் எட்டாம் தேதிக் கடிதம் பதினாலாம் தேதி மாலை எனக்குக் கிடைத்தது. அன்று காலையிலேயே போலீஸ் வந்துவிட்டது.

இப்படியே எழுதி முடிச்சிரலாம்னு பார்த்தேன். முடியல. எனக்கு இந்தப் பாஷை வராது.

விடியக்கால அஞ்சரை மணிக்குக் கதவைத் தட்டுனாங்க. பல்லு கூட விளக்க விடல. தறிக்காரங்க எல்லாம் ஓட்டத்தை நிறுத்திட்டு வெளிய வந்து பார்த்தாங்க. ஸ்டேஷன்ல மறுநாள் கொடியேத்துறதுக்குக் கம்பத்துல கயிறு மாத்திட்டு இருந்தாங்க. என்னைய பெஞ்சுல உக்கார வச்சு ஒரு பேப்பரை நீட்டுனாங்க. ‘என் தங்கை நாகஜோதி, வயது 29, மனநிலை சரியில்லாதவள், சிலரால் கடத்தி வைக்கப்பட்டுள்ளாள், மீட்டுத் தர வேண்டும்.’ எவனோ எழுதிருக்கான். எழுத்து வேற எழுத்து. கீழ கையெழுத்து யாருதுன்னு பார்த்தேன். கடைசி எழுத்துல ஒரு சுழி போட்டு வாலை இழுத்து விடுவியே, என் ரேங்க் கார்டுல எல்லாம் அப்பாவுக்குப் பதிலா நீதானே போடுவ. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

வாசல்ல மலையாண்டி வேன் வச்சு நின்னான். எழுதி வாங்கிட்டு அவன்கூட அனுப்பிரலாம்னு ஒருத்தர் சொன்னாரு. இன்னொருத்தர் பொம்பளைப் போலீசைக் கூப்பிட்டு ‘உள்ள கூட்டிட்டுப் போயி என்னன்னு பாரும்மா’ன்னாரு. நான் பெஞ்சை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். அந்த நேரத்துக்குத் தனிஸ்லாஸ் அண்ணே கைலியோட ஓடி வந்துட்டாரு, கூட ஆன்சி வக்கீல். எங்க கூட்டத்துக்குக் கேஸு பாக்குறது அதுதான். அந்தப் பொண்ணு என்னைய விட ஒரு சாண் குட்டை. உள்ளறை வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டு, கார்டைக் காட்டி, சட்டத்தைச் சொல்லி, ‘தொட்டீங்கன்னா உங்க பேரும் மனுவுல வரும் சார்’னு சொல்லுச்சு. சத்தம் போடவே இல்ல. ரெண்டரை மணி நேரம். கடைசியில, நான் மேஜரு, என் இஷ்டத்துலதான் இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.

தறிக்காரரு ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. அவரைக் குத்தம் சொல்லல. கடையிலதான் படுத்துக்கிறேன், வார்னிஷ் வாடையில.

மலையாண்டி செஞ்சது எனக்குப் பெருசா வலிக்கல. அவன் அப்படித்தான். நீ கையெழுத்துப் போட்டியே, மனநிலை சரியில்லாதவன்னு எழுதுனதுக்குக் கீழ, அதை எப்படிப் போட்ட?

நான் வரல. ஏழு பேருகிட்டயும் சொல்லிட்டேன். மலையாண்டி மடியிலயே உக்கார வை.

சேலைய மட்டும் இந்தக் கடுதாசியோட ஒச்சாயி பேருக்கு அனுப்பிருக்கேன். கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டேன்னுட்டான். அக்காவுக்குன்னு எடுத்ததை வேற யாருக்கும் குடுக்கவும் மனசு வரல. கட்டணும்னு இல்ல. அடுப்புத் துணியாக்கிக்க.

தோட்டை அனுப்பல. அது என்கிட்ட இருக்கட்டும்.

சூரியபிரகாஷ்


பேரையூர் பக்கம், ஒச்சாயி வீடு
9.9.2025

தம்பிக்கு,

அடிக்காம எழுதிட்டேன், பாத்துக்க.

எப்படிப் போட்டன்னு கேட்டிருந்த. சொல்றேன், நல்லவளாக் காட்டிக்க இல்ல. உன் கடுதாசி உங்க மச்சான் கையில கிடைச்ச அன்னைக்கு ராத்திரி மலையாண்டி அண்ணே நாலு பேரோட வந்துச்சு. வேனுல உருட்டுக்கட்டை கெடந்துச்சு. நேரா உன் ரூமுக்குப் போறோம்னாக. அப்ப என் மாமியாதான் ‘எதுக்கு வம்பு, போலீசுல எழுதிக் குடுத்தா அவகளே கூட்டியாந்து விட்டுருவாக’ன்னு சொன்னாக. எனக்குக் கட்டையைக் காட்டிலும் காக்கிச் சட்டை தேவலைன்னு தோணுச்சு. பேப்பரை வாசிச்சுப் பார்க்காமப் போட்டேன்னு சொல்ல மாட்டேன். வாசிச்சேன். மனநிலைங்குற இடத்துல கை நின்னுச்சு. நின்னுட்டு, அப்புறம் போட்டேன். இது எனக்குச் சாகுற வரைக்கும் ஆறாது. மன்னிச்சிருன்னு உன்கிட்ட கேக்க வாய் வரல. என்ன நடந்துச்சுன்னு மட்டும் கேளு.

ஆவணி பதினஞ்சு வந்துச்சு. கிடா வெட்டியாச்சு, சோறு வெந்தாச்சு. மலையாண்டி அண்ணே சீரோட வந்துச்சு, வேட்டுப் போட்டுக்கிட்டு. மீனாவை மடியில வச்சு மொட்டை போட்டாக. அவ அழுகல. சந்தனம் பூசுனதும் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கிட்டா. ‘நீ போயி மாமன் சேலையக் கட்டிட்டு வா, ஆசாரி காத்துக்கிட்டு இருக்காரு’ன்னு மாமியா என்னைய அனுப்புனாக.

கோயிலுக்குப் பின்னாடி சாமான் வைக்கிற ரூமுக்குப் போனேன். மலையாண்டி அண்ணே எடுத்தது செவப்பு. என் பையில, மாத்துத் துணிக்கு அடியில, உன் பச்சை. ஏன் எடுத்துட்டு வந்தேன்னு எனக்கே தெரியல தம்பி. வீட்டுல விட மனசில்லன்னுதான் எடுத்து வந்தேன். செவப்பைப் பிரிச்சு இடுப்புல சொருகிட்டேன். அப்பத்தான் நீ பஸ் ஸ்டாண்டுல பல்லுல கவ்விக்கிட்டுக் கட்டுனேன்னு எழுதுனது ஞாபகம் வந்துச்சு. உன்னைய அப்படிக் கட்ட வச்சவ நான். செவப்பை உருவிப் போட்டுட்டேன். கொசுவம் நிக்கவே இல்ல. மூணு தடவ மடிச்சேன்.

வெளிய வந்ததும் முதல்ல கண்டது மாமியாதான். ‘மாமன் சேலை செவப்புல்ல, இது யாரு எடுத்தது?’ன்னாக.

‘என் தம்பி எடுத்தது’ன்னேன்.

‘உனக்கு ஏதுடி தம்பி?’

‘செல்லூர்ல இருக்கான். சூரியபிரகாஷ். மோட்டாருக்குக் காயில் கட்டுறான். நீங்கதான் பேப்பர்ல பார்த்தீகளே.’

இம்புட்டுத்தான் சொன்னேன். கொட்டுக்காரக கூட நிறுத்திட்டாக. மலையாண்டி அண்ணே பிள்ளையை இறக்கி விட்டுட்டு எந்திரிச்சு வந்துச்சு. அதுக்கு முன்னாடி உங்க மச்சான் வந்து ஓங்கி ஒரு அறை விட்டாரு. வலிக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு நாளு காது கொய்ங்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஆனா ஒண்ணு, அடி விழுந்தப்புறம் என் பயம் எங்க போச்சுன்னே தெரியல. இத்தனை வருஷமா இதுக்குத்தானா பயந்தேன்னு இருந்துச்சு.

ஆசாரி பாவம், ஊசியக் கையில வச்சுக்கிட்டு ‘குத்தவா வேணாமாத்தா?’ன்னு என்னையப் பார்த்துக் கேட்டாரு. வேணாம், மாமன் இன்னும் வரலைன்னு சொல்லிட்டு மீனாவைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நடந்துட்டேன். ஒச்சாயி செருப்பை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே ஓடி வந்தா. ஊருக்காரக ஒருத்தரும் சாப்பிடாமப் போகலையாம், கறி நல்லா இருந்துச்சாம். ஒச்சாயிதான் சொல்லிச் சிரிக்கிறா.

புதன்கிழமை தன்னந்தனியாப் பஸ் ஏறி உன்னைய உக்கார வச்ச அதே ஸ்டேஷனுக்குப் போனேன். என் கையால எழுதிக் குடுத்தேன். நகலை இதோட வச்சிருக்கேன், ஆன்சி வக்கீலம்மாகிட்ட குடு. ‘என் தம்பி சூரியபிரகாஷ் காணாமல் போகவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் புத்தி தெளிவாக இருக்கிறது. முன்பு நான் கையெழுத்திட்டது பொய்ப் புகார்.’ அங்க இருந்தவரு ‘போன தடவ தங்கச்சின்னு போட்டிருக்கியேம்மா’ன்னாரு. தப்புத்தான் சார், அதுவும் என் தப்புன்னேன். பொய்ப் புகாருக்கு உன் மேலயே கேஸு போடலாம் தெரியுமான்னாரு. போடுங்கன்னேன். கையெழுத்துல வாலை நல்லா இழுத்து விட்டுருக்கேன், பாரு.

இனி என்ன ஆகும்னு தெரியல. சனிக்கிழமை உங்க மச்சான் இங்க வந்து நின்னாரு. மீனாவோட புத்தகப் பையையும், விளக்கை அணைச்சா அழுவாளேன்னு அந்தச் சின்ன நைட் லேம்ப்பையும் குடுத்தாரு. கொடியில காயுற பச்சைச் சேலைய ஒரு தடவ பார்த்துட்டுப் போனாரு. மலையாண்டி அண்ணே இன்னும் கறுவிக்கிட்டுத்தான் திரியுதாம். அதனால நீ இங்க வராத. பயந்து சொல்லல. இந்தத் தடவ நாங்க வாரோம்.

வர்ற ஞாயித்துக்கிழமை, பதினாலாந்தேதி, காலையில முதல் பஸ்ஸுக்கு ஏறுறோம். நானு, மீனா, ஒச்சாயி. பெரியார் ஸ்டாண்டுல நில்லு. வேட்டி கட்டிக்கிட்டு வா, மாஸ்க்கு கீஸ்க்கு மாட்டிட்டு வந்த, கொன்னுருவேன். செல்லூர்ல கைராசியான ஆசாரியாப் பார்த்துச் சொல்லி வை. அழகம்மாள் அக்கா ஏழு தட்டையும் கொண்டாரட்டும், ஒண்ணு கூடக் குறையக் கூடாது. தோடு உன்கிட்டத்தான் இருக்கு.

மீசை வச்ச சித்தி இல்ல, அது மாமான்னு மீனாகிட்ட சொன்னேன். ‘அப்பவே சொல்லிருக்கலாம்ல’ன்னு கேக்குறா.

ஊசியப் பார்த்தா அவ துள்ளுவா, உதைப்பா, ஊரைக் கூட்டுவா. நீ பதறிக் கைய விட்டுராத. மடியில வச்சுக் கெட்டியாப் பிடிச்சுக்க.

அக்கா